மூலை இல்லை மாமா, மூளை

மரியாதைக்கும், அதைவிட ஒரு பங்கு கூடுதலாகப் பயத்துக்கும் உரிய மாமா அவர்களுக்கு, தங்கள் மாப்பிள்ளை, தங்கள் மகளுடைய சலவைக் கடையின் பின்னறையில் இஸ்திரி மேசைமேல் காகிதத்தை விரித்துவைத்து, வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், தங்கள் மகள் நலம். போன வருடம் பூராவும் நான் தங்களுக்கு எழுதிய கடிதங்களிலும் இதே வரிதான் இருந்தது. அதில் பாதி பொய். இன்றைக்கு எழுதியிருப்பது முழு உண்மை. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் சொல்லிவைக்கிறேன். தங்கள் உடல்நலத்தையும், காது மெஷினின் நலத்தையும், தங்கள் மகனும் என் மச்சினனுமான தம்பியின் நலத்தையும் அறிய மிகவும் ஆவல்.

தம்பியின் நலம் என்று எழுதும்போதே அவன் இருக்கிற இடம் நினைவுக்கு வந்துவிடுகிறது. ஆகவே மாமா, மீதிக் கடிதத்தைப் படிக்கும் முன்னால் தயவுசெய்து அவனைத் தண்ணீரைவிட்டு மேலே வரச் சொல்லிவிடுங்கள். ஒரு துண்டு கொடுங்கள். அவன் தலை துவட்டி முடித்தபிறகு இந்த இடத்திலிருந்து தொடர்ந்து படியுங்கள்.

துவட்டியாயிற்றா? நல்லது.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் தங்கள் மகள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். அது அவளுடைய யோசனை. "வாயால சொன்னா அப்பா தலையாட்டிட்டு மறுபடியும் விசில் ஊதுவாரு. நாப்பது வருஷம் ரயில் கார்டா இருந்த மனுஷன். எழுத்துல இல்லாத உத்தரவுக்கு ஒரு வண்டியக்கூட நகர விட்டதில்ல. நீங்க எழுதுங்க. நான் கொண்டுபோய்க் கொடுத்துட்டு, அவரு படிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நிக்கிறேன்" என்றாள். ஆகவே இந்த நிமிடம் அவள் தங்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள். நிமிர்ந்து பார்க்க வேண்டாம். படியுங்கள்.

விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். எனக்கு நீச்சல் தெரியாது.

கொஞ்சம் தெரியும், சரியாகத் தெரியாது என்கிற கதை இல்லை மாமா. அறவே தெரியாது. மொண்டு குளிக்கிற வாளித் தண்ணீரைத் தாண்டி எந்தத் தண்ணீரோடும் எனக்குப் பழக்கம் கிடையாது. நான் தினமும் காலையில் நீச்சலுக்குப் போகிறேன் என்று தங்கள் மகள் போனில் சொன்னதும், அதனால் என் முகமே மாறிவிட்டது என்று சொன்னதும், அதைக் கேட்டுத் தாங்கள் ஐந்து மாதமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த தம்பியை எழுப்பி நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போய், கரையில் நின்று விசில் ஊதிப் பச்சைக் கொடி காட்டி அவனைத் தண்ணீரில் இறக்கியதும், எல்லாம் ஒரே ஒரு தொப்பியால் வந்தது. அந்தத் தொப்பி என் தலைக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொன்னால்தான் மற்றது புரியும்.

போன வருடம் எனக்கு என்னமோ ஆயிற்று மாமா. என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, அதுதான் தொந்தரவே. காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்று சொல்லலாம். கடன் என்றால் கடன் என்று சொல்லலாம். எனக்கு இரண்டும் இல்லை. சாப்பாடு காகிதம் மாதிரி இருந்தது. சமையலறைக் குழாய் ஒழுகியது, பார்த்தேன், ஒழுகட்டும் என்று இருந்தேன். லிஃப்ட் கம்பெனியில் பதினெட்டு வருடம் மெக்கானிக்காக இருக்கிறவன், குழாய்க்கு ஒரு வாஷர் மாற்ற ஆறு மாதமாகக் கை எழவில்லை. ஒரு நாள் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நிற்கிறது என்று அனுப்பினார்கள். போய்ப் பார்த்தேன், அது நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. சோதித்துப் பார்க்கலாம் என்று ஏறினேன். மேலே போயிற்று. இறங்கத் தோன்றவில்லை. கீழே வந்தது. அப்போதும் தோன்றவில்லை. இப்படியே பதினொரு தடவை போய் வந்திருக்கிறேன். ஏழாம் மாடியில் காய்கறிப் பையோடு ஏறிய ஓர் அம்மா, "நீங்க எந்த மாடி?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை மாமா. அந்த அம்மா பயந்துபோய் மூன்றாம் மாடியிலேயே இறங்கி, மிச்சத்தைப் பையோடு படியில் நடந்தார்.

அதன் பிறகுதான் டாக்டரிடம் போனேன். தங்கள் மகளிடம் சொல்லவில்லை. அவள் காலை ஏழு மணிக்குக் கடை திறந்து, நாள் பூராவும் நின்ற காலோடு அடுத்தவர் அழுக்கைத் துவைக்கிறவள். அவளிடம் போய் "எனக்கு ஒரு குறையும் இல்ல, ஆனா எதுவும் முடியல" என்று எந்த முகத்தோடு சொல்வது? தங்களிடம் சொல்லாததற்குக் காரணம் தங்களுக்கே தெரியும். தங்களோடு வேலை பார்த்த ஒருவர் மனநல டாக்டரிடம் போனதைப் பற்றித் தாங்கள் சாப்பாட்டு மேசையில் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன அன்று, எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் நான்தான்.

டாக்டர் முதலில் மாத்திரை கொடுத்தார். முதல் மாத்திரையில் நின்றுகொண்டே தூங்கினேன். இரண்டாவது மாத்திரை வயிற்றைக் கலக்கியது. லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று வேலை பார்க்கிறவனுக்கு, இரண்டு மாடிக்கு நடுவில், அது எப்பேர்ப்பட்ட கஷ்டம் என்று விவரிக்க விரும்பவில்லை. நான்கு மாதம் இப்படிப் போனபிறகு டாக்டர், "காந்த சிகிச்சை பண்ணிப் பாக்கலாமா?" என்றார். நான் உடனே, "ஷாக்கா?" என்று எழுந்துவிட்டேன். "உக்காருங்க. ஷாக் இல்ல. மயக்க மருந்தும் இல்ல. முழிச்சுக்கிட்டுதான் இருப்பீங்க. தலைக்கு வெளிய ஒரு காந்தச் சுருளை வெச்சு விட்டு விட்டுத் தட்டுவோம். மூளையில சோர்ந்துபோன ஒரு பகுதியைத் தட்டி எழுப்பற மாதிரின்னு வெச்சுக்கங்களேன். வாரம் அஞ்சு நாள், ஆறு வாரம். முடிஞ்சதும் நேரா வேலைக்குப் போகலாம்" என்றார். "எல்லாருக்கும் கேக்குமா டாக்டர்?" "எல்லாருக்கும்னு சொன்னா அது பொய். நிறையப் பேருக்குக் கேக்குது. சில பேருக்குக் கேக்கறதில்ல" என்றார். விற்க வந்தவர் மாதிரி பேசாததால் எனக்கு நம்பிக்கை வந்தது. தவிர, காந்தச் சுருள் எனக்குப் புதிதில்லை. லிஃப்ட்டின் பிரேக்கைத் திறந்து பிடித்துக்கொண்டிருப்பதே ஒரு காந்தச் சுருள்தான். சுருளுக்குக் கரண்ட் போகவில்லை என்றால் பிரேக் கவ்விக்கொள்ளும், கூண்டு அந்த இடத்திலேயே நிற்கும். அதற்காகக் கூண்டைத் திட்டி ஒரு பிரயோஜனமும் கிடையாது. இதைத் தொழில்முறையில் தங்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

முதல் நாள் என்னைப் பிடித்துக்கொண்டவர், கழுத்தில் அளவு நாடாவோடு அலைகிற ஒரு நர்ஸம்மா. நானாக அவருக்கு வைத்த பெயர் டேப்பம்மா. "தலைக்குள்ள உலோகம் ஏதாவது இருக்கா? ஆபரேஷன் கிளிப், கம்பி, இரும்புத் துண்டு?" என்று கேட்டார். "களிமண்ணுதான் இருக்குன்னு எங்க வாத்தியாரு சொல்லியிருக்காரு" என்றேன். "களிமண்ணு பரவாயில்ல, இரும்புதான் கூடாது" என்று சிரிக்காமல் எழுதிக்கொண்டார். பிறகு தையல்காரர் மாதிரி என் தலையை நீளவாக்கில் அளந்தார், குறுக்குவாக்கில் அளந்தார், காதிலிருந்து காதுக்கு அளந்தார். இறுக்கமான ஒரு வெள்ளைத் துணித் தொப்பியை மாட்டிவிட்டு, எட்டு மாதிரி வளைந்த ஒரு கருவியைத் தலைமேல் மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் 'டக்' என்றது. என் வலது கைக் கட்டைவிரல் தன்பாட்டுக்குத் துள்ளியது. "நான் செய்யல" என்றேன். "தெரியும், நான்தான் செஞ்சேன்" என்றார். பதினெட்டு வருடம் அடுத்தவர் மெஷினை நான் ஆட்டிவைத்தது போக, அன்றைக்கு முதல்முறையாக என்னை ஒருவர் ஆட்டிவைத்தார். கட்டைவிரல் துள்ளுகிற இடத்தைக் கண்டுபிடித்தால் அதிலிருந்து அளந்து, தட்ட வேண்டிய இடத்தைக் கணக்குப் போடலாமாம். கணக்குப் போட்டுத் தொப்பிமேல் நீல மையில் கோடும் வட்டமும் போட்டார். "இந்தத் தொப்பி உங்க தலைக்கு மட்டும்தான். தொலைக்காம தினம் கொண்டு வாங்க."

அப்புறம் தட்டல். மரங்கொத்தி ஒன்று என்னை நல்ல மரம் என்று நினைத்துக் குடும்பத்தோடு குடிவந்த மாதிரி இருந்தது. நாலு விநாடி டொக்டொக்டொக், கொஞ்சம் ஓய்வு, மறுபடி டொக்டொக்டொக். காதில் பஞ்சு வைத்திருந்தார்கள். வலி என்று பெரிதாக இல்லை; முதல் வாரம் தலைத்தோல் காந்தியது, லேசாகத் தலைவலி. ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் என் இடது புருவம் எகிறும், கண் சிமிட்டும். எதிரே உட்கார்ந்து குறிப்பெடுக்கிற டேப்பம்மாவைப் பார்த்து, நான் நிமிடத்துக்கு எண்பது தடவை கண்ணடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

தொப்பியைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தங்கள் மகள் சாப்பாட்டு டப்பாவை எடுக்கப் பையைத் திறந்தாள். தொப்பி வெளியே வந்தது. "என்னங்க இது?" என்றாள். மாமா, ஒரு நிமிடம் நேரம் கிடைத்திருந்தால் ஏதாவது உருப்படியாகச் சொல்லியிருப்பேன். கிடைக்கவில்லை. "நீச்சல்" என்றேன். அவள் தொப்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இதுல என்ன கோடு?" "அது வந்து... கோச் போட்டது. தலை எதுவரைக்கும் தண்ணிக்குள்ள போகணும்னு." "இந்த வட்டம்?" "அதுக்கு மேல போகக் கூடாதுன்னு." அவள் டப்பாவைக் கழுவப் போய்விட்டாள். நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாளிலிருந்து பிழைப்பு நாறிப்போயிற்று. நீச்சலுக்குப் போனவன் காய்ந்த தலையோடு வரமுடியாதே? சிகிச்சை முடிந்ததும் ஆஸ்பத்திரிக் குழாயில் தலையை நனைத்துக்கொள்வேன். கூட்டுகிற அம்மா, "இந்த மெஷின்ல உக்காந்தா இவ்வளவு வேர்க்குமா?" என்று கேட்க, அதில் பயந்து வரிசையில் காத்திருந்த ஒருவர் எழுந்து போய்விட்டார். டேப்பம்மா அவரைத் தெருமுனை வரை துரத்திப்போய்க் கூட்டிவந்தார். தலை நனைந்தது, துண்டு நனைந்தது, சரி. ஆனால் நான் கட்டியிருப்பது சலவைக் கடைக்காரியை. துண்டை மூக்கில் வைத்துப் பார்த்து, "குளத்துத் தண்ணி வாசனையே இல்லையே" என்றாள். போய்ப் பிளீச்சிங் பவுடர் வாங்கி, அளவு தெரியாமல் ஒரு கைப்பிடி போட்டேன். நீலத் துண்டு இரண்டு நாளில் மேகம் போட்ட வானம் மாதிரி ஆயிற்று. பையில் கொட்டியது கம்பெனிச் சட்டையில் பட்டு, முதுகில் இருந்த 'லிஃப்ட்' என்ற எழுத்தில் பாதி போய்விட்டது. கண் சிவந்து, இருமல் வந்தது. "நீச்சல் உடம்புக்கு நல்லதுன்னாங்க" என்றாள் தங்கள் மகள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

இது வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கடைக்கு யூனிஃபார்ம் வாங்க வந்த எங்கள் எஞ்சினியரிடம் அவள் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். நாலாவது வாரம் ஒரு பெரிய கட்டடத்தில் குழாய் வெடித்து, லிஃப்ட்டுக்கு அடியில் இருக்கிற குழி நிறையத் தண்ணீர் நின்றுவிட்டது. பம்ப்பின் உறிஞ்சுகுழாய் கழன்று அடியில் விழுந்துவிட்டது. அத்தனை பேரும் குழியைச் சுற்றி நின்று குனிந்து பார்த்தார்கள். எஞ்சினியர் நிமிர்ந்து, "நம்ம நீச்சல்காரர் இருக்காரே!" என்றார். மாமா, என்னால் மறுக்க முடியவில்லை. இடுப்பில் கயிறு கட்டினார்கள். தண்டவாளம் மாதிரி ஓடுகிற இரும்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது, மோவாய்க்கு வந்து நின்றது. காலால் துழாவினேன். மேலே ஒருவர், "கை அடிக்கிறதைக் காட்டுங்க சார்!" என்று கத்தினார். என் பல் தந்தியடித்தது. நெஞ்சு படபடத்தது. அப்போது எனக்கு ஒன்று உறைத்தது. நான் பயப்படுகிறேன்! ஒரு வருடமாக எனக்குப் பயம்கூட வந்ததில்லை மாமா. பன்னிரண்டாம் மாடியில் கயிறு அறுந்தாலும் சரிதான் என்கிற மாதிரி இருந்தவன், மோவாயளவுத் தண்ணீரில், செத்துவிடக் கூடாதே, வீட்டுக் குழாய் ஒழுகிக்கொண்டிருக்கிறதே என்று நினைத்தேன். உறிஞ்சுகுழாய் காலில் தட்டுப்பட்டது. பிடித்துக்கொண்டு மேலே வந்து, தரையில் உட்கார்ந்து, சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. எஞ்சினியர் தண்ணீர் மூளைக்கு ஏறிவிட்டது என்று சொல்லி அரை நாள் லீவு கொடுத்தார். வீட்டுக்கு வந்து சட்டைகூட மாற்றாமல் சமையலறைக் குழாய்க்கு வாஷர் போட்டேன். இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். தங்கள் மகள் சோற்றுக்கரண்டியோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் தாங்கள் வழக்கம்போலப் போன் செய்து, "மாப்பிள்ளை எப்படி இருக்காரு?" என்று கேட்க, அவள், "நீச்சல் போனதுலேர்ந்து ஆளே மாறிட்டாருப்பா" என்று சொல்லியிருக்கிறாள். மறுநாள் விடியும்போது தம்பி தண்ணீரில்.

தங்கள் அறிக்கைகள் தபால் கார்டில் ஒழுங்காக வந்தன. ஒவ்வொரு கார்டையும் நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். "முதல் நாள். புறப்பாடு 5.10. சேர்வு 5.22. குளத்தில் இரண்டு நீளம். வழியில் ஒரு நிறுத்தம், இருமலால். உற்சாகம் இல்லை." "ஒன்பதாம் நாள். நான்கு நீளம். உற்சாகம் இல்லை. நீளம் கூட்டப்படும்." "இருபதாம் நாள். ஆறு நீளம். உற்சாகம் இல்லை. மாப்பிள்ளைக்கு எந்த நீளத்தில் உற்சாகம் வந்தது என்று தெரிவிக்கவும்." இதற்கெல்லாம் நான் என்ன பதில் எழுதினேன் என்று தங்களுக்கு நினைவிருக்கும். "பொறுமை தேவை" என்று எழுதினேன். எழுதிய கையை வெட்ட வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை காலை, குளத்து ஆபீஸ் போனிலிருந்து தம்பி கூப்பிட்டான். மனசைக் கெடுக்கும் என்று அவன் போனைத் தாங்கள் வாங்கிப் பூட்டிவைத்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. "அத்தான், உங்களுக்கு எத்தனாவது நாள் சரியாச்சு?" என்றான். "ஏம்ப்பா?" "எனக்கு இன்னிக்கு முப்பத்தொண்ணு. ஒண்ணும் ஆகல. உங்களுக்கே சரியாகுற ஒண்ணு எனக்கு ஆகலன்னா, அப்ப எங்கிட்டதானே அத்தான் ஏதோ தப்பு இருக்கு?" அந்த 'உங்களுக்கே'யை நான் மன்னித்துவிட்டேன். அதற்குப் பிறகு சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. "தண்ணிக்குள்ள மூச்சைப் பிடிச்சுட்டு இருக்கும்போது மட்டும் நல்லா இருக்கு. அப்ப மட்டும்தான் யாரும் என்னைச் சரிபண்ணப் பாக்கறதில்ல." நான் வாயைத் திறப்பதற்குள் விசில் சத்தம் கேட்டது. போன் வைக்கப்பட்டது.

கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற பையன் மாமா அவன். கோடு இழுத்தால் மயிரளவும் பிசகாது. ஒரு கோடும் இழுக்க முடியாமல் வேலையை விட்டுவிட்டு வந்து படுத்தவன். என்னுடைய பொய்யை அவன் தினமும் ஆறு நீளம் நீந்திக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலமே தங்களுக்குப் போன் போட்டேன். மூன்று தடவை போட்டேன். தாங்கள் காது மெஷினைக் கழற்றி வைத்திருந்தீர்கள் என்று நினைக்கிறேன். "மாமா, நீச்சல் இல்ல, காந்தம்!" என்று கத்தினேன். "சாந்தம் எங்க இருக்கு, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்கான்" என்றீர்கள். "மூளை மாமா, மூளை!" "மூலையா? எந்த மூலை?" "மூ...ளை! அதுல ஒரு பக்கம் சரியா வேலை செய்யல!" "ஓ, மூலையில ஒரு பக்கமா! ஆழமான மூலையா? அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன" என்று வைத்துவிட்டீர்கள். வியாழக்கிழமை கார்டு வந்தது: "மாப்பிள்ளை ஆலோசனைப்படி நாளை முதல் ஆழமான மூலைக்கு மாற்றம்."

கார்டைப் படித்த கையோடு கடைக்கு ஓடினேன். தங்கள் மகள் ஒரு போர்வையை நீவிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், லிஃப்ட்டில் பதினொரு தடவை போனது முதல் கைப்பிடிப் பிளீச்சிங் பவுடர் வரைக்கும். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அது குளத்துல போடற மருந்து இல்ல, பிளீச்சிங் பவுடர்னு முதல் நாளே தெரியும்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தெரிஞ்சா ஏன் கேக்கல?" "ஒரு வருஷமா ரெண்டு வாய் சாப்பிட்டு எந்திரிச்சுப் போயிட்டிருந்தீங்க. திடீர்னு காலையில எங்கியோ போறீங்க, வர்றீங்க, சாப்பிடுறீங்க. எந்த இடமா இருந்தா என்ன, கேட்டா நின்னுடுமோன்னு விட்டுட்டேன்." "அப்ப அப்பாகிட்ட ஏன் நீச்சல்னு சொன்ன?" "வேற என்னத்தச் சொல்றது? எங்கியோ போறாரு, எங்கன்னு தெரியல, ஆனா நல்லாயிட்டாருன்னா சொல்ல முடியும்?" என்று கத்தினாள். கத்திவிட்டுப் போர்வையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அது வாடிக்கையாளர் போர்வை. மறுபடி துவைக்க வேண்டியதாயிற்று.

நேற்று இருவருமாகப் போய் டாக்டரைப் பார்த்தோம். தம்பியைப் பற்றிச் சொன்னோம். "பாக்காம எதுவும் சொல்ல மாட்டேன். அவருக்கு இது பொருந்துமா, வேற ஏதாவது பொருந்துமான்னு முதல்ல பாக்கணும். திங்கட்கிழமை கூட்டிட்டு வாங்க" என்றார். நீச்சல் கதையைத் தங்கள் மகள் சொன்னதும், அதுவரை சிரித்தே பார்த்திராத டேப்பம்மா அளவு நாடாவால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஆகவே மாமா, இத்தால் எழுத்து மூலமாகக் கேட்டுக்கொள்வது: தம்பியை இன்றைக்கே அவன் அக்காவோடு அனுப்பிவையுங்கள். எங்களோடு இருக்கட்டும். உள்ளறையைக் காலி செய்துவிட்டோம். அங்கே சுவரைப் பார்த்துப் படுக்க வேண்டுமென்றாலும் படுக்கலாம், யாரும் விசில் ஊத மாட்டோம். அது சோம்பல் இல்லை மாமா. அடம் இல்லை. நான் அங்கே இருந்துவிட்டு வந்தவன், எனக்குத் தெரியும். என்னைப் பற்றிச் சிரிப்பதானால் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு மேசையிலேயே சிரியுங்கள், நானும் கூடச் சேர்ந்துகொள்கிறேன். அவனைப் பார்த்து மட்டும் வேண்டாம். நேற்று வந்த கார்டில், "ஆழமான மூலை. எட்டு நீளம். முன்னேற்றம் திருப்திகரம்" என்று போட்டிருந்தது. அதைப் படித்ததிலிருந்து எங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இது பழைய நோயில்லை, கவலை. இரண்டுக்கும் வித்தியாசம் இப்போது எனக்கு நன்றாகத் தெரிகிறது.

பொய் சொன்னதற்கு மன்னிக்கவும். கார்டுகளுக்குப் பொறுமை தேவை என்று பதில் போட்டதற்குத் தனியாக மன்னிக்கவும். தங்கள் ஆசியும், முடிந்தால் ஒரு பச்சைக் கொடியும் வேண்டும்,

தங்கள் அன்பு மாப்பிள்ளை,
தரையில் மட்டும் நடப்பவன்.

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். தங்கள் மகள் பையோடு வாசலில் நிற்கிறாள். இப்போதுதான் தாங்கள் போன் செய்து வைத்தீர்கள். தாங்கள் பேசியதைத் தங்களுக்கே எழுதிக்காட்டுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும். "மெஷினை மாட்டியிருக்கேன் மாப்பிள்ளை, கத்தாதீங்க" என்றுதான் ஆரம்பித்தீர்கள். "நீங்க சொன்ன மூலைக்குப் புதன்கிழமை கூட்டிட்டுப் போனேன். ஆழத்தைப் பாத்ததும் படியில உக்காந்து அழுதுட்டான். முப்பத்தோரு வயசுப் பையன். விசிலை வாயில வெச்சேன். காத்து வரல. நானும் பக்கத்துல உக்காந்துட்டேன்." அதன் பிறகு நாலு நாளாக இருவரும் தண்ணீரிலேயே இறங்கவில்லை, கரையில் சும்மா உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வருகிறீர்கள் என்றீர்கள். "அப்ப அந்த எட்டு நீளம், திருப்திகரம்?" என்று கேட்டேன். "அது சும்மா எழுதினது" என்றீர்கள். நாற்பது வருட சர்வீஸில் ஒரு பொய் அறிக்கைகூட எழுதாத தாங்கள்! ஆக, மேலே துண்டு கொடுக்கச் சொன்னது முதல் கடைசி வரி வரை எதுவும் தேவையில்லாமல் போயிற்று. நான் காந்த மெஷினைப் பற்றிச் சொன்னபோது, "அன்னிக்கே மூளைன்னு தெளிவாச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று திட்டினீர்கள். பிறகு, "அந்த நாற்காலியில அறுபத்தெட்டு வயசுக்காரங்களை உக்கார வெப்பாங்களா?" என்று கேட்டீர்கள். "யாருக்கு மாமா?" என்றேன். "ஒரு சிநேகிதன். சம்சாரம் போய் நாலு வருஷமாச்சு. காலையில பரவாயில்ல. சாயங்காலமானா சட்டைய மாட்டிக்கிட்டு, எங்க போறதுன்னு தெரியாம கட்டில்ல உக்காந்திருக்கான்" என்றீர்கள். வயது ஒரு தடை இல்லை, பார்த்துத்தான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். தங்களைப் போலவே அவருக்கும் காது மெஷின் இருந்தால் அதை மட்டும் கழற்றி வைக்கச் சொல்வார்கள். அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் மாமா. அவர் தனியாக வரக் கூச்சப்பட்டால் தாங்களும் கூடவே வந்துவிடுங்கள். திரும்பி வரும்போது தனக்கும் தம்பிக்கும் தங்கள் சிநேகிதருக்குமாக மூன்று டிக்கெட் எடுக்கும்படி தங்கள் மகளிடம் சொல்லியிருக்கிறேன். "அப்ப அப்பா எங்க உக்காருவாரு?" என்று கேட்டாள். அப்பாவும் அந்தச் சிநேகிதரும் ஒரே சீட்டில் உட்கார்ந்துகொள்வார்கள் என்று சொல்லியிருக்கிறேன்.